இரண்டாவது சத்தம்

என் மனைவிக்குக் காது கூர்மை. அடுப்பங்கரையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது யார் என்று சொல்லிவிடுவாள். இதை நான் வெகு காலம் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவன் அல்லவா? உலகத்தில் எழும் ஓசைகளை எல்லாம் கவனித்துக் கேட்கும் பொறுப்பு எனக்குத்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை ஒரு மோட்டார் சைக்கிள் போக்கிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதில் நான் சொன்ன ஒரு பொய்யும் வரும். அதை உரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி ஒரு பழைய புல்லட். 1974-ஆம் வருஷத்தது. நான் அதற்கு நான்காவது சொந்தக்காரன். முதல் மூன்று பேரும் அதை எப்படி நடத்தினார்களோ தெரியாது. நான் நடத்தியதைப் பற்றித்தான் பேச முடியும்.

புல்லட்டின் பூர்வோத்தரம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டது; திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970-ஓடு இங்கிலாந்தில் அந்தத் தயாரிப்பே நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த வண்டிகளை இங்கிலாந்துக்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். மாமியார் மறந்துவிட்ட பட்சணத்தை மருமகள் செய்து பிறந்த வீட்டுக்குச் சீராக அனுப்பியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் 350, கணக்குப் பார்த்தால் 346 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். என் வண்டி போன்ற பழைய புல்லட்டுகளில் கியரை வலது காலால் மாற்ற வேண்டும். பிரேக் இடது காலில். இன்னொரு விசேஷம், இன்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனி. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று சொல்லலாம். அடுப்பும் தனி, எண்ணெயும் தனி. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இன்ஜின் எண்ணெயை அளந்து பார்ப்பேன். கியர் பெட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளாவது திறந்து பார்த்ததில்லை. முன்கட்டுக் குடித்தனக்காரரை விழுந்து விழுந்து விசாரித்துவிட்டு, பின்கட்டில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்காமலே காலம் தள்ளியிருக்கிறேன்.

ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி என் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, வண்டியிலே ரெண்டு சத்தம் வருதே."

"புல்லட்டுன்னா சத்தம் இருக்கத்தான் இருக்கும்."

"அது இல்லீங்க. ஒண்ணு முனகுது. இன்னொண்ணு, யாரோ உள்ளே அகப்பட்டுக்கிட்டுக் கதவைத் தட்டற மாதிரி தட்டுது."

நான் கவனித்துக் கேட்டேன். முனகல் எனக்கும் கேட்டது. இரண்டாவது கியரில் போகும்போது மட்டும். தட்டல் கேட்கவில்லை. "உனக்குக் கதை எழுதற யோகம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் ஐந்தாறு தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு சத்தம் என்றே சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னேன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் இருவரும் மாமல்லபுரம் போனோம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். இஞ்சி பூண்டு நசுக்க ஒரு சின்ன இடிகல் வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய ஆசை. பஞ்சபாண்டவர் ரதங்களைப் பார்க்க வேண்டும் என்பது என்னுடையது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ரதங்களுக்கு முன்னால் நின்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதனால்தான் மேலே எல்லாம் முடிந்தும், அடியில் முடியாமலும் நிற்கிறது. ஓர் இடத்தில் உளி தவறினால் தவறியதுதான். கல்லுக்கு ஏது மாற்றுச் சாமான்?

இடிகல் வாங்கிய பட்டறையில் சிற்பி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். புதிதாக வந்திறங்கிய ஒரு கருங்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, சின்னச் சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பேசுதான்னு பாக்கறேன் சார். நல்ல கல்லு மணி மாதிரி பேசும். உள்ளே ஓட்டம் இருந்தா சத்தம் செத்துப்போயிடும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்."

ஓசையை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிற சாஸ்திரம் நம்முடையது. நான் மகா ரசிகனைப் போல் தலையை ஆட்டினேன். இதை ஒரு கட்டுரையில் எழுத வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன். என் மனைவி ஒன்றும் பேசாமல், வாசலில் நின்ற வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

இடிகல்லைப் பக்கப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். ஊரை விட்டு வெளியே வந்ததும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம். ஏற்றத்தில் ஒரு மாட்டு வண்டி முன்னால் போயிற்று. வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினேன். முனகல் வந்தது. அதோடு, தேங்காயை உடைத்தது போல ஒரு சத்தம். பிறகு கடகடவென்று கல்லை அரைக்கிற மாதிரி ஒன்று. இன்ஜின் ஓடிற்று, வண்டி ஓடவில்லை.

பாலத்தின் மேல் உப்புக் காற்றில் இறங்கி நின்றோம். அவள், "பஸ்ஸிலே போயிடலாங்க. வண்டியை யாராவது ஏத்திக்கிட்டு வரட்டும்" என்றாள். அது நியாயமான யோசனை. அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு புத்தக ஞானம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. இந்த மாதிரிப் பழைய நாலு கியர் பெட்டிகளில் நான்காவது கியர் நேர் இணைப்பு. மற்ற மூன்று கியர்களிலும் இன்ஜினின் சக்தி ஒரு தண்டிலிருந்து பல்சக்கரம் வழியாகப் பக்கத்துத் தண்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் பின்சக்கரத்துக்குப் போகும். நான்காவதில் அந்தச் சுற்று வழி கிடையாது. உள்ளே நுழைந்த சக்தி நேராக வெளியே போய்விடும். பல்சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே தவிரச் சுமை தாங்கமாட்டா. ஆகவே பல் உடைந்தாலும் நான்காவது கியரில் போகலாம்!

இதைப் பாலத்தின் மேலேயே அவளுக்கு விளக்கினேன். வழியில் போன இரண்டு பையன்கள், "கரெக்ட் சார், டாப்புலே போயிடுங்க" என்று எனக்குச் சாட்சி சொன்னார்கள். அவள் என்னையும் பார்த்தாள், பையன்களையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். பையன்கள் இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். வண்டி முக்கி முனகிக் கிளம்பியது.

வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளப்ப முடியாது. திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில் ஒரு பசுமாடு எனக்காகவே வழி விட்டது. வேதகிரி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கொளவாய் ஏரி கண்ணில் பட்டபோது எனக்கு வெற்றிக் களிப்பு. வீட்டு வாசலில் இறங்கியதும், "பார்த்தாயா?" என்றேன். அவள் இடிகல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் பாயிடம் விட்டேன். எழுபது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் வண்டியிடம்தான் பேசுவார். கிளட்சைக் கழற்றி, வலது பக்கத்து மூடியைத் திறந்து, தண்டுகளைச் சக்கரங்களோடு வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்தார். எண்ணெய்ப் பசை இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் கறுப்புக் களிம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியர்ச் சக்கரத்தில் வரிசையாக நான்கு பற்கள் இல்லை.

களிம்பை வழித்து மண்ணெண்ணெயில் கரைத்து, என் பழைய வேஷ்டித் துண்டு ஒன்றில் வடிகட்டினார். மூன்று பற்கள் கிடைத்தன. ஒரு பல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இங்கே பாருங்க சார். பாதி கறுப்பா இருக்கா? அது பழைய விரிசல். பாதி பளபளன்னு இருக்கா? அது நேத்து உடைஞ்சது. எண்ணெய் வத்திப்போயிருக்கு. மேல் தோல் பொரிஞ்சு, அடியிலே கீறல் விட்டு, மாசக்கணக்கா கொஞ்சங் கொஞ்சமா உள்ளே ஏறியிருக்கு. பாலம் ஏறினதாலே உடையலே. அதுக்கு முன்னாடியே பாதி உடைஞ்சாச்சு. சத்தம் வந்திருக்குமே?"

"லேசாக வந்தது" என்றேன்.

பெட்டியை உடனே மூடிவிடுவார் என்று நினைத்தேன். பாய் மூடவில்லை. நாலாவது பல் கிடைக்காமல் மூடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பையனை விட்டுத் தரையைப் பெருக்கச் சொன்னார். களிம்பை மறுபடியும் வடிகட்டினார். கடைசியில் பெட்டியின் மூலையில், பேரிங்குக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவி, நகக்கண்ணில் ரத்தம் வர அதை எடுத்தார்.

"எப்படி சார் வண்டியைக் கொண்டு வந்தீங்க?"

பெருமையோடு என் புத்தக ஞானத்தைச் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சுமை இல்லேங்கறது சரி சார். ஆனா சக்கரம் எல்லாம் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு? இந்தப் பல்லு ரெண்டு சக்கரத்துக்கு நடுவிலே மாட்டியிருந்தா பெட்டி அப்படியே இறுகிப்போயிருக்கும். பின்சக்கரம் நின்னுடும். கிளட்சைப் பிடிச்சாலும் பிரயோஜனம் இல்லே. கிளட்சு இன்ஜினைத்தான் பிரிக்கும். சக்கரம் பெட்டியோட சேர்ந்தது." கொஞ்சம் நிறுத்தி, "பின்னாடி யாராவது உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாய் என்னைத் திட்டப்போவதில்லை. திட்டுகிற மனிதரும் இல்லை. ஆனாலும், "ஆமாம், என் சம்சாரம் இருந்தாள்; வேண்டாம் என்றுதான் சொன்னாள்" என்ற வாக்கியம் தொண்டையிலிருந்து மேலே வரவில்லை. பாய் அந்த நாலு பல்லையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவர் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை.

சாமான் வாங்க மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு காலத்து வாகனங்கள் எல்லாம் எலும்பும் தோலுமாகப் பிரிந்து கிடக்கும் இடம் அது. உடைந்த சக்கரத்தைக் காட்டி, "இது ஒன்று கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் ஒற்றையாகத் தரமாட்டேன் என்றார். எதிர்ச் சக்கரமும் சேர்த்து ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். தேய்ந்த சக்கரத்தோடு புதியதைச் சேர்த்தால், தேய்ந்தது புதியதையும் சீக்கிரமே தின்றுவிடும். ஒன்றோடு ஒன்று பழகித் தேய்வதுதான் முறை என்றார். வாதாடாமல் வாங்கிக்கொண்டேன்.

பாய் அந்தச் சக்கரங்களை உடனே மாட்டிவிடவில்லை. ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்று ஒலித்து நின்றது. பெட்டியிலேயே இருந்த பழைய சக்கரங்களையும் அப்படியே தட்டினார். ஒன்று மட்டும் சொத்தென்றது. கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதையும் அதன் ஜோடியையும் ஒதுக்கி வைத்துவிட்டார். மாமல்லபுரத்துச் சிற்பியின் சுத்தியலும் என் தலையாட்டலும் எனக்கு ஞாபகம் வந்தன. இரண்டாவது தடவையும் புதுப்பேட்டைக்குப் போய் வந்தேன்.

"இப்போ வர்ற வண்டிங்கன்னா இன்ஜினுக்கும் கியருக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய் சார். பல்லு உடைஞ்சா தூள் இன்ஜின் வரைக்கும் போயிடும். உங்களுது தனித்தனி. தப்பிச்சீங்க" என்றார் பாய். இன்ஜின் தப்பியது என்று நானும் மகிழ்ந்தேன்.

பத்தாம் நாள் வண்டி தயார். பாய் உதைத்துக் கிளப்பினார். முனகல் போய்விட்டது. அது போனவுடன், அதற்குப் பின்னால் இத்தனை நாளும் மறைந்திருந்த இன்னொன்று தெளிவாகக் கேட்டது. டொக், டொக், டொக். யாரோ உள்ளே அகப்பட்டுக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி.

பாய் நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, முனையை இன்ஜின் மேலும், பிடியைத் தம் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சற்று நேரம் கழித்து இன்ஜினை நிறுத்தினார்.

"இது இன்னிக்கு வந்த சத்தம் இல்லே. இதுக்கு முன்னாடி கேட்டதில்லையா சார்?"

"எனக்குக் கேட்கவில்லை. வீட்டில்தான், இரண்டு சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்."

பாய் என்னைப் பார்த்தார். "அம்மா சொன்னதை முதல் நாளே என்கிட்டே சொல்லியிருந்தா, ஒரே வேலையா முடிஞ்சிருக்குமே சார்?" என்றார். அவ்வளவுதான். மாட்டிய கிளட்சை மறுபடி கழற்ற ஆரம்பித்தார்.

இன்ஜினை இறக்கி, தலைப்பாகத்தையும் சிலிண்டரையும் எடுத்தபின் கனெக்டிங் ராடை என் கையில் பிடிக்கச் சொன்னார். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடியது. "அது ஆடலாம். இப்போ மேலே கீழே இழுத்துப் பாருங்க." மயிரிழை அளவுக்குத் தட்டியது. "அதுதான் ஆடக்கூடாது" என்றார். ராடின் அடிமுனையில் இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெயைத்தான் ஞாயிறு தோறும் பார்த்தேனே என்றேன். எண்ணெய் இருந்தது, அதை வடிகட்டுகிற கம்பளி ஃபில்டரை மாற்றியதே இல்லை என்று தெரிய வந்தது. முன்கட்டுக் குடித்தனத்தையும் நான் வாசலோடுதான் விசாரித்திருக்கிறேன்.

லேத் பட்டறையில் கிராங்கின் இரண்டு கனத்த சக்கரங்களையும் அழுத்திப் பிரித்து, புதிய பின்னும் ராடும் போட்டார்கள். பிரிப்பது பெரிய காரியமில்லை, சேர்ப்பதுதான் வித்தை. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் சுழல வேண்டும். லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதைப் பொருத்தி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, செம்புச் சுத்தியலால் ஓரத்தில் ஓர் அடி கொடுப்பார்கள். மறுபடி சுழற்றுவார்கள், முள்ளைப் பார்ப்பார்கள், மறுபடி ஓர் அடி. ஒரு பகல் முழுவதும் இது நடந்தது. அடுத்தபடியாகச் சிலிண்டரைக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் ஒரு வரி எழுதவில்லை.

வண்டி மறுபடி தயாரான அன்று பாய் சொல்லியனுப்பினார்: "சார் வரும்போது அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் அழைத்துப் போனேன். பாய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. வண்டியைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அன்னிக்கு மகாபலிபுரத்திலேருந்து இவர் பின்னாடி உக்காந்து வந்தேன் பாருங்க பாய், முப்பது கிலோமீட்டரும் உயிரைக் கையிலே பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

பாய் என் பக்கம் திரும்பினார். வெகு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார். என்னைக் கேட்கவில்லை. அவளிடம், "சொல்லுங்கம்மா, எத்தனை சத்தம் கேக்குது?" என்றார்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பட்டறையில் பையன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஒண்ணுதான்" என்றாள்.

பாய் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேலே போகாதீங்க. அம்மா நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க" என்றார்.

அன்று இரவு தீப்பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பாய் பின்சக்கரத்தைப் பற்றிச் சொன்னதையும், அவர் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் நாலு பல்லையும் உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி, கறுப்புப் பாதியையும் வெளுப்புப் பாதியையும் பார்த்தாள். "நான் ஏறி உக்காந்தேனே, அதுவும் தப்புத்தான்" என்றாள். அவள் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம், அவளே, "மகாபலிபுரம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் வழி விட்டுக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது, அதே கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில், தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"என்னங்க, ஏதோ உருள்ற சத்தம் கேக்குது."

வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தினேன். கீழே குனிந்து பார்த்தேன், எண்ணெய் ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தேன். கடைசியில் அவளே பக்கப் பெட்டியைத் திறந்தாள். இடிகல்லின் குழவி. அன்று கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் குழவியை மறந்துவிட்டாள்; பாயின் பையன்கள் அதை ஒரு பழந்துணியில் சுற்றிப் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். துணி அவிழ்ந்து, குழவி உருண்டுகொண்டு வந்திருக்கிறது.

"இதுக்குப் போயா நிறுத்தினீங்க?" என்று சிரித்தாள்.

குழவியை மறுபடி துணியில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது.